ஆட்டோகேட் இல்லாம வீட்டு பிளான்: எங்க ஆபீஸ்ல எது நின்னுச்சு, எது நிக்கல

காசு கட்டாம வீட்டு பிளான் போட எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு கேட்டு யாராச்சும் போன் பண்ணிட்டேதான் இருக்காங்க. டிப்ளமோ சிவில் முடிச்ச பசங்க, கல்யாணத்துக்கு அப்புறம் வீட்ல இருந்தே டிராஃப்டிங் பண்ணலாமான்னு யோசிக்கிற தங்கச்சிங்க, ஏன், ரெண்டு மூணு கான்ட்ராக்டர் அண்ணன்மாரும்தான். ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிடலாம்னு. நான் திண்டுக்கல்ல சின்னதா ஒரு பிளான் ஆபீஸ் வெச்சிருக்கேன், வீடு, கடை, மாடி எடுக்குற வேலை, அம்புட்டுதான், பெரிய ஆர்க்கிடெக்ட் எல்லாம் இல்ல. நானும் கூட ஒரு தம்பியும். இப்போதைக்கு எங்க ரெண்டு பேர் கம்ப்யூட்டர்லயும் ஆட்டோகேட் மாதிரி சந்தா கட்டுற கேட் சாஃப்ட்வேரும் (கேட்னா கம்ப்யூட்டர்ல டிராயிங் போடுறது) கிடையாது, லைசென்ஸ் பூட்டை உடைச்சு கிராக் பண்ணதும் கிடையாது, வேலை நடந்துட்டுதான் இருக்கு.

கிராக் விஷயத்தை முதல்லயே முடிச்சிடறேன். நம்ம பக்கத்து சின்ன ஆபீஸ்கள்ல ஆட்டோகேட் எப்படி வந்து சேருதுன்னு எல்லாருக்கும் தெரியும், காலேஜ்ல யாரோ பென்டிரைவ்ல கொடுத்தது, அதையே வேலைக்கும் கொண்டு வந்துருவோம். 1982-ல வந்த சாஃப்ட்வேர், நம்ம தொழிலே அதுல பழகி கிடக்கு, அதோட தரத்துல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா 2016-ல இருந்து புதுசா வாங்குறவங்களுக்கு நிரந்தர லைசென்ஸ் கிடையாது, சந்தா மட்டும்தான். மார்கழியில யாரும் வாஸ்து பூஜை போட மாட்டாங்க, சந்தா அந்த மாசத்துக்கும் சேத்துதான் ஓடும். சரி கிராக் போடுவோம்னா ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணி வைக்கணும், அதே கம்ப்யூட்டர்லதான் கஸ்டமரோட பட்டா, பத்திரம், ஆதார் காப்பி எல்லாம் கிடக்கும். நேர்மை நாணயம்னு பெருசா பேச வரல, எனக்கு பயம் வந்தது அந்த ஃபோல்டரை நெனச்சுதான்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். எந்த சாஃப்ட்வேர்ல எத்தனை வசதின்னு வீடியோ பாத்து எண்ணிட்டு இருந்தா தேர்ந்தெடுக்கவே முடியாது, எல்லாத்துலயும் எல்லாம் இருக்குற மாதிரிதான் தெரியும். ஒரு பேப்பர் எடுத்து, உங்க மேஜைல இருந்து வெளிய போற ஃபைல் யார் யார் கைக்கு போகுது, அவங்க அதை வெச்சு என்ன பண்ணுவாங்கன்னு எழுதுங்க. அந்த பேப்பர்தான் சாஃப்ட்வேரை முடிவு பண்ணும்.

எங்க பேப்பர்ல என்ன இருந்துச்சுன்னா, வீட்டுக்காரங்களுக்கு வாட்ஸப்ல ஒரு பிடிஎஃப், கூடவே வீடு எப்படி இருக்கும்னு காட்ட ஒரு கலர் படம். அப்ரூவலுக்கு ஸ்கேல்படி பிளான், செக்‌ஷன், எலிவேஷன், சைட் பிளான். மேஸ்திரிக்கு ஏ3 பிரிண்ட், அது மழைல நனையும், சிமெண்ட் ஒட்டும், அவருக்கு கம்ப்யூட்டர் ஃபைலே வேண்டாம். லோன் போடுறவங்களுக்கு எஸ்டிமேட். ஆக டிடபிள்யூஜி ஃபைலா, அதாவது ஆட்டோகேட் சேவ் பண்ற ஃபைலாவே கேக்குறது ஒரே ஆள்தான், எங்க ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். மத்த கேட் சாஃப்ட்வேரும் திறக்குற டிஎக்ஸ்எஃப் ஃபைல் போதுமான்னு அவர்கிட்டயே கேட்டுட்டேன், "சார், டிஎக்ஸ்எஃப்-ஆ கொடுத்தா ஓகேவா?" அவர் சொன்னாரு, "கிரிட் லைனும் தூண் பொசிஷனும் சரியா வந்தா போதும்மா, ஸ்டாட்ல ஏத்தறப்பவும் ஈடேப்ஸ்ல ஏத்தறப்பவும் நானே டிஎக்ஸ்எஃப்-ஆ மாத்திதான் ஏத்துறேன், நீ டிடபிள்யூஜி அனுப்புறதால எனக்கு ஒரு வேலை கூடுதல்." ஸ்டாட், ஈடேப்ஸ்னா கட்டடம் தாங்குமான்னு கணக்கு போடுற சாஃப்ட்வேர். அப்புறம் என்ன! எத்தனையோ வருஷமா எல்லாரும் பழக்கத்துக்காகவே டிடபிள்யூஜி அனுப்பிட்டு இருந்திருக்கோம். நீங்களும் கேட்டு பாருங்க, பாதி பேர் இதேதான் சொல்வாங்க. சொல்லலைன்னா அதுவும் நல்லது, உங்களுக்கு எது தேவைன்னு தெளிவா தெரிஞ்சிடும்.

டிடபிள்யூஜி ஏன் இவ்ளோ தொல்லைன்னா, அது ஆட்டோகேட் கம்பெனியோட சொந்த ஃபார்மட், உள்ள எப்படி எழுதியிருக்குன்னு அவங்க வெளிய சொல்றதில்ல, மத்தவங்க எல்லாம் ஃபைலை பிரிச்சு பிரிச்சு பாத்து கண்டுபிடிச்சதுதான். அதுக்குன்னே 1998-ல ஒரு கூட்டமைப்பு ஆரம்பிச்சாங்க, இப்ப ஓபன் டிசைன் அலையன்ஸ்னு பேரு, அவங்களோட ஓடிஏ ஃபைல் கன்வர்ட்டர் இலவசமா கிடைக்குது. ஆனா அது ஓபன் சோர்ஸ் (உள்ள எழுதினதை யார் வேணா பாத்து மாத்திக்கலாம்குற வகை) கிடையாது, காசு வாங்காம தர்றாங்க, அவ்ளோதான், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. முழுக்க ஓபன் சோர்ஸ்தான் வேணும்னா குனூன்னு ஒரு ஓபன் சோர்ஸ் திட்டத்தோட லிப்ரேடிடபிள்யூஜி இருக்கு, சில ஃபைல்ல நல்லா வருது, சிலதுல தடுமாறுது. நான் ஓடிஏ-வைத்தான் வெச்சிருக்கேன், கொள்கை பிடிவாதம் பாத்தா கஸ்டமர் ஃபைல் திறக்காது. பயன்படுத்துறது ரொம்ப சுலபம், உள்ள வர்ற ஃபைலுக்கு ஒரு ஃபோல்டர், வெளிய போறதுக்கு ஒரு ஃபோல்டர் காட்டிட்டு, எந்த வெர்ஷன், டிஎக்ஸ்எஃப்-ஆ டிடபிள்யூஜி-யான்னு சொன்னா ஃபோல்டர்ல இருக்குற எல்லாத்தையும் ஒரே மூச்சுல மாத்தி போட்டுரும்.

மாத்தின உடனே வேலைய ஆரம்பிக்காதீங்க. வெளில இருந்து வர்ற டிராயிங்ல யூனிட் என்னன்னு யாரும் ஒழுங்கா வெச்சிருக்க மாட்டாங்க. இன்ச்ல போட்ட பிளானை மில்லிமீட்டர் கணக்குல இருக்குற சாஃப்ட்வேர் திறந்தா 9 இன்ச் சுவரு 9 மில்லிமீட்டர் சுவரா வந்து நிக்கும், திரைல பாக்க எல்லாம் சரியா இருக்குற மாதிரியே இருக்கும். அதனால திறந்ததும் முதல் வேலை, அளவு தெரிஞ்ச ஒரு சுவரையோ வாசல் கதவையோ அளந்து பாக்குறது. வித்தியாசம் இருந்தா 25.4-ஆல ஸ்கேல் பண்ணா தீந்துச்சு. அடுத்தது, அளவு எழுத்தை நம்பாதீங்க, கோட்டை அளங்க. சில டிராஃப்ட்ஸ்மேன் கோடு 11 அடி 8 இன்ச் இருக்கும்போது மேல கையால 12 அடின்னு அடிச்சு விட்டிருப்பாங்க. டைனமிக் பிளாக் (இழுத்து அளவு மாத்திக்குற ரெடிமேட் சின்னம்) வெச்சு போட்ட கதவு ஜன்னல் எல்லாம் பேரு போயி வெறும் பிளாக்கா வரும், எக்ஸ்ரெஃப், அதாவது டிராயிங்ல இணைச்சு காட்டுற வேற டிராயிங், தனி ஃபைலா இருந்தா அந்த இடமே காலியா இருக்கும், அதையும் சேத்து அனுப்ப சொல்லி கேக்கணும்.

தினசரி வேலைக்கு நாங்க உக்காந்தது லிப்ரேகேட்ல. கியூகேட்னு இன்னொரு கேட் சாஃப்ட்வேரோட பழைய இலவச கம்யூனிட்டி எடிஷன்ல இருந்து பிரிஞ்சு வந்தது, முழுக்க 2டி, ரொம்ப சின்ன சாஃப்ட்வேர், 4 ஜிபி ராம் இருக்குற பழைய கம்ப்யூட்டர்லயும் பறக்கும். ஆட்டோகேட் பழகின கைக்கு பெருசா அந்நியமா தெரியாது, கீழ கமாண்ட் லைன் இருக்கு, @126<90 அடிச்சா மேல 126 போகும், ஆஃப்செட், ட்ரிம், மிரர் எல்லாம் இருக்கு. கமாண்ட் பேரு மட்டும் சிலது மாறும். அதுக்கு அலியாஸ் ஃபைல்னு ஒண்ணு இருக்கு, சாதா டெக்ஸ்ட் ஃபைல்தான், அதை திறந்து உங்க கைக்கு பழகின எழுத்தை போட்டுக்கலாம். எங்க தம்பி முதல் வாரம் முழுக்க முனகிட்டே இருந்தான், அலியாஸ் மாத்தி கொடுத்ததும் சத்தமே இல்ல.

அடி இன்ச் கணக்குக்கு நான் வெச்சிருக்குற வழி, வீட்டு பிளானுக்கு யூனிட்டை இன்ச்ல வெச்சுட்டு காட்டுற ஃபார்மட்டை ஆர்க்கிடெக்சுரல்னு வெச்சிடுவேன், 10 அடி 6 இன்ச்சுக்கு 126 அடிப்பேன், டைமென்ஷன்ல அடி இன்ச்சாவே விழும். பிரிண்ட்ல 1:96 வெச்சா ஒரு இன்ச்சுக்கு 8 அடி. சைட் பிளானுக்கு மட்டும் யூனிட்டை அடில வெச்சுக்குவேன், ஏன்னா அங்கதான் பரப்பளவு வேணும்.

சைட் பிளான்னு சொன்னதும், இது மட்டும் கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா லிப்ரேகேட் மேல எனக்கு நம்பிக்கை வந்ததே இதுலதான். நம்ம ஊர்ல எந்த மனையும் சதுரமா இருக்காது. முன்பக்கம் 30 அடி, பின்பக்கம் 36, இடது 54, வலது 48-னு ஒருத்தர் வந்தாருன்னு வைங்க. கைக்கணக்குல முன் பின் சராசரி 33, ரெண்டு பக்க சராசரி 51, பெருக்குனா 1683 சதுர அடின்னு சொல்லிடுவாங்க, புரோக்கர் கணக்கு எப்பவும் இதுதான். நாலு பக்கம் மட்டும் வெச்சு ஒரு மனையை முடிவு பண்ணவே முடியாது, அது எப்படி வேணா சாயும், ஒரு மூலைவிட்டம் கட்டாயம் அளக்கணும். முன்பக்க இடது மூலைல இருந்து பின்பக்க வலது மூலைக்கு டேப் பிடிச்சோம்னா 50 அடின்னு வருது. இப்ப முன்பக்க கோட்டை 30-க்கு போடுங்க, இடது முனைல 50 ரேடியஸ்ல ஒரு வட்டம், வலது முனைல 48-ல ஒரு வட்டம், ரெண்டும் வெட்டுற இடம் பின்பக்க வலது மூலை. அந்த மூலைல இருந்து 36, முன்பக்க இடது மூலைல இருந்து 54, வெட்டுற இடம் நாலாவது மூலை. வட்டத்தை எல்லாம் அழிச்சிட்டு இன்ஃபோ மெனுல பரப்பளவு பாத்தா 1571 சதுர அடிக்கு பக்கத்துல வரும். 112 சதுர அடி வித்தியாசம், கால் சென்ட்டுக்கு மேல! சென்ட்டுக்கு 435.6-னு வகுத்து பாத்துக்கங்க, 3.6 சென்ட்தான் தேறும், சராசரி கணக்கு 3.86 காட்டுது. எஃப்எம்பி ஸ்கெட்ச் (சர்வேல இருந்து வர்ற நில அளவு படம்) இருந்தா அதுல மீட்டர்ல இருக்குற அளவையும் இதே மாதிரி போட்டு பத்திரத்தோட ஒத்து பாக்கணும். இதுக்கு எந்த விலை உயர்ந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், வட்டம் போட தெரிஞ்ச ஏதாவது ஒண்ணு போதும்.

இப்ப நம்ம தமிழ்நாட்டுல 2024 ஜூலைல இருந்து சுயசான்று முறை வேற வந்துருச்சு, 2500 சதுர அடி வரைக்கும் மனை, 3500 சதுர அடி வரைக்கும் கட்டடம், தரைத்தளமோ மேல ஒரு மாடியோ இருக்குற வீட்டுக்கு ஆன்லைன்லயே உடனே அனுமதி. எங்ககிட்ட வர்றதுல பெரும்பாலும் இந்த அளவுக்குள்ள அடங்கிடும். ஆனா சுயசான்றுன்னா அளவு தப்பா இருந்தா பொறுப்பு சான்று கொடுத்து கையெழுத்து போட்டவங்க தலைலதான், அதனால செட்பேக் (மனை எல்லைல இருந்து விட வேண்டிய காலி இடம்) அளவை எல்லாம் மேல சொன்ன மாதிரி மனையோட உண்மையான வடிவத்துல வெச்சு பாக்குறது ரொம்ப முக்கியம். போர்ட்டல்ல என்ன ஃபைல் கேக்குறாங்கன்னு அந்தந்த சமயத்துல பாத்துக்கங்க, மாறிட்டே இருக்கும்.

லிப்ரேகேட்ல இல்லாததையும் சொல்லணும்ல. டிடபிள்யூஜி-யா சேவ் பண்ணாது, டிஎக்ஸ்எஃப் மட்டும்தான். பேப்பர் ஸ்பேஸ் லேஅவுட் கிடையாது, ஒரே ஃபைல்ல நாலு ஷீட் நாலு ஸ்கேல்ல வைக்கறதெல்லாம் நடக்காது, நாங்க ஷீட்டுக்கு ஒரு ஃபைலா வெச்சுக்குறோம். ஹாட்ச், அதாவது சுவர் உள்ள நிரப்புற கோடு, நெறைய போட்டா திணறும். அப்புறம் பிரிண்ட். பிடிஎஃப்-ஐ ஜெராக்ஸ் கடைல கொடுத்தா அந்த பையன் ஃபிட் டு பேஜ்ல வெச்சு அடிச்சு கொடுத்துருவான், ஸ்கேல் போச்சு, இது எந்த சாஃப்ட்வேர்ல போட்டாலும் உள்ள வம்புதான். ஷீட்டோட ஓரத்துல 10 அடிக்கு ஒரு கோடு போட்டு வெச்சிடுவேன், பிரிண்ட் வந்ததும் கடைலயே ஸ்கேல் வெச்சு அந்த கோட்டை அளந்து பாத்துட்டுதான் காசு கொடுக்குறது.

லிப்ரேகேட்ல தமிழ் எழுத்து சரியா வராது. அதுக்குன்னு தனி கோட்டு ஃபாண்ட் வெச்சிருக்கு, ஒத்தைக்கொம்பு ரெட்டைக்கொம்பு எல்லாம் இடம் மாறி தொங்கும். பல பேரு தமிழ் எதுக்கு, பெட்ரூம் கிச்சன்னு இங்கிலீஷ்ல போட்டா போதாதான்னு கேப்பாங்க. எங்க மேஸ்திரி அண்ணன் ரொம்ப அனுபவசாலி, கண்ணாலயே மட்டம் சொல்லிடுவாரு, ஆனா இங்கிலீஷ் சுருக்கெழுத்து அவருக்கு புரியாது, டபிள்யூ1-னா எந்த ஜன்னல்னு பக்கத்துல இருக்குற டேபிளை தேடணும், சின்ன பையன் யாரையாவது கூப்பிட்டு படிக்க சொல்லுவாரு. அதனால சைட்டுக்கு போற ஷீட் மட்டும் பிடிஎஃப்-ஆ எடுத்து இங்க்ஸ்கேப்னு படம் வரையுற சாஃப்ட்வேர்ல திறந்து தமிழ்லயே எழுதுறோம். ஜன்னல் மேலயே "4 அடி × 4½ அடி, அடிமட்டம் 2½ அடி", லிண்டல் "தரைல இருந்து 7 அடி", ஒவ்வொரு ரூம்லயும் பேரு, லாஃப்ட் எந்த பக்க சுவர்ல வருதுன்னு. இங்க்ஸ்கேப்பும் ஓபன் சோர்ஸ்தான், தமிழ் அழகா உக்காரும். முத தடவை அந்த ஷீட்டை கொடுத்தப்ப அண்ணன் ஒரு நிமிஷம் பாத்துட்டு, "ஏம்மா, இந்த பாத்ரூம் வென்டிலேட்டர் மாடிப்படி லேண்டிங்ல இடிக்குதே"ன்னாரு. சரியாத்தான் சொன்னாரு, இடிச்சுது. அதுக்கு முன்னாடி அவர் பிளானை அவ்ளோ உன்னிப்பா பாத்ததே இல்ல, பாக்குறதுக்கு வழியும் இருந்ததில்ல.

கியூகேட் பத்தி சுருக்கமா. லிப்ரேகேடை விட மெருகா இருக்கும், சாதாரண கம்ப்யூட்டர் ஃபாண்ட் எல்லாம் எடுத்துக்கும். குழப்பம் என்னன்னா வெப்சைட்ல இருந்து இறக்குனா வர்றது புரொஃபஷனல் ட்ரையல், கொஞ்ச நேரத்துல நின்னுடும், உடனே "இது ஃப்ரீ இல்லையே"ன்னு அழிச்சிடறாங்க. அதுல இருக்குற புரோ ஆட்-ஆனை மட்டும் நீக்கினா கம்யூனிட்டி எடிஷன் ஆயிடும், அது ஓபன் சோர்ஸ், ஜிபிஎல் லைசென்ஸ் (யார் வேணா எடுத்து பயன்படுத்தலாம், மாத்தலாம், பகிரலாம்குற அனுமதி). டிடபிள்யூஜி திறக்குறது புரோல மட்டும்தான், அதையும் காசு கொடுத்து ஒரு தடவை வாங்கிக்கலாம், வருஷ சந்தா கட்டாட்டி நின்னு போற கதை இல்ல. தினமும் நாலு பேர்கிட்ட இருந்து டிடபிள்யூஜி வருதுன்னா அதை வாங்குறதுதான் புத்திசாலித்தனம்னு நான் சொல்லுவேன்.

எல்லாரும் கேக்குறது ஃப்ரீகேட். இங்கதான் நெறைய பேர் ஆசையா போயி வெறுத்து திரும்பி வர்றாங்க. ஒரு உண்மைய ஒத்துக்கணும், வெறும் 2டி பிளான் போட ஃப்ரீகேட் எடுக்காதீங்க, வேலை இழுக்கும். அது 3டி மாடலுக்கு, அதுவும் அளவை மாத்தினா எல்லாம் தானா மாறுற வகையான மாடலுக்கு பண்ணது. 2002-ல இருந்து வளந்துட்டு வருது, ஆரம்பத்துல மெஷின் பார்ட்ஸ் வரையறவங்க பக்கம்தான் சாஞ்சு இருந்துச்சு, கட்டட பக்கத்தை தூக்கி நிறுத்துனதுல யோரிக் வான் ஹாவ்ரேன்னு ஒரு ஆர்க்கிடெக்ட்டோட பங்கு பெருசு. 2024 நவம்பர்ல 1.0 வந்துச்சு. ரொம்ப நாளா இருந்த ஒரு வியாதிய, அதாவது மாடல்ல முன்னாடி ஒரு இடத்துல கை வெச்சா பின்னாடி வேற எங்கயோ உடையுறதை, அதுல பெருமளவுக்கு சரி பண்ணிட்டாங்க. கட்டட மாடலுக்குன்னு இருக்குற பிம் வொர்க்பெஞ்சும் உள்ளயே சேந்துருச்சு, முன்ன மாதிரி தனியா இறக்க வேண்டாம். இதனால யூட்யூப்ல பழைய 0.18, 0.19 வீடியோ பாத்து கத்துக்காதீங்க, ஆர்ச்னு ஒரு வொர்க்பெஞ்சை தேட சொல்லுவாங்க, உங்க ஸ்கிரீன்ல அது இருக்காது, நம்மகிட்டதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்குவீங்க. வீடியோ தேதிய பாத்துட்டு ஆரம்பிங்க.

ஃப்ரீகேட்ல எனக்கு பிடிச்சது எஸ்டிமேட். பிளான் கோட்டை அடியா வெச்சு சுவர் எழுப்பி, கதவு ஜன்னலை அதுல பதிச்சா, அந்த ஓட்டையை அதுவே கழிச்சிடும். ஒரு சுவர் எடுத்துக்குவோம், 10 அடி நீளம், 10 அடி உயரம், 9 இன்ச் கனம், அதுல 3-க்கு 7 வாசல். 100-ல 21 போக 79 சதுர அடி, முக்கால் அடியால பெருக்கினா 59.25 கன அடி. இதை கைல ஒரு சுவருக்கு போடுறது பெரிய விஷயமில்ல. ஆனா கஸ்டமர் மூணாவது தடவையா வந்து, "மேடம், அந்த ஜன்னலை மட்டும் கொஞ்சம் பெருசாக்கிட்டு, ஹாலை ஒரு அடி உள்ள தள்ளிடுங்களேன்"ன்னு சொல்லும்போது முழு வீட்டுக்கும் திரும்ப போடணும் பாருங்க, அங்கதான் ஷெட்யூல்னு ஒரு வசதி கை கொடுக்கும், மாடலை மாத்தி அப்டேட் பண்ணா கன அடி மொத்தமும் புதுசா வந்து விழும். அடி இன்ச் ஆளுங்களுக்கு ப்ரிஃபரன்ஸ்ல யூனிட்டை பில்டிங் யூஎஸ்னு மாத்தி வெச்சா அடி, சதுர அடி, கன அடில காட்டும். மில்லிமீட்டர்ல ஓடிட்டு இருந்தாலும் அளவு பெட்டில 10' + 6" அடிச்சா அதுவே புரிஞ்சுக்கும், இந்த ஒரு விஷயத்துக்காகவே அதை எழுதினவங்களுக்கு ஒரு டீ வாங்கி கொடுக்கலாம்.

கம்பிக்கு ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னு ஒரு ஆட்-ஆன் இருக்கு, தூண், பீம், ஃபுட்டிங்க்கு கம்பிய மாடல் பண்ணி பார் பெண்டிங் ஷெட்யூல் (எந்த கம்பி எத்தனை, எப்படி வளைக்கணும்குற பட்டியல்) வரைக்கும் எடுக்கலாம். 2017-ல மாணவர்களுக்காக கூகுள் நடத்துற சம்மர் ஆஃப் கோட் திட்டத்துல பஞ்சாப் பக்கத்து மாணவர் ஒருத்தர் ஆரம்பிச்சு வெச்சது, கேக்கவே நல்லா இருக்குல்ல. ஆனா அது டிசைன் பண்ணாது, இன்ஜினியர் கொடுத்த கம்பிய வரையும், எண்ணும், அவ்ளோதான். எத்தனை எம்எம் கம்பி எத்தனை போடணும்னு அதுகிட்ட கேக்கக் கூடாது.

ஃப்ரீகேட் பழகுறவங்களுக்கு என் யோசனை, ஓடுற வேலைல கை வைக்காதீங்க. ஏற்கனவே கட்டி முடிச்ச ஒரு வீட்டு பிளானை எடுத்து, அதை திரும்ப மாடல் பண்ணி, அதுல வர்ற செங்கல் கன அடிய அப்ப போட்ட எஸ்டிமேட்டோட ஒத்து பாருங்க. விடை முன்னாடியே தெரிஞ்சிருக்குறதால எங்க பிசகுதுன்னு உடனே பிடிபடும். எங்களுக்கு சுவரும் சுவரும் சேருற மூலைல ரெண்டு தடவை எண்ணுறது இப்படித்தான் தெரிய வந்துச்சு, சுவர்களை தனித்தனியா விடாம ஒண்ணா சேத்துட்டா சரியாயிடுது. ஃபைல் பக்கத்துலயே எஃப்சிபேக்னு ஒரு பேக்கப் ஃபைல் இருக்கும், குப்பைன்னு நெனச்சு அழிச்சிடாதீங்க, கரண்ட் போன அன்னைக்கு அதுதான் காப்பாத்தும்.

வீட்டுக்காரங்களுக்கு காட்ட ஸ்வீட் ஹோம் 3டி. கேட் படிச்சவங்க இதை பொம்மைன்னு ஒதுக்கிடறாங்க, எனக்கு கஸ்டமர் கையெழுத்து வாங்கி கொடுக்குறதே இந்த பொம்மைதான். 2006-ல ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதினது, ஜிபிஎல் லைசென்ஸ். மேல பிளான்ல சுவர் இழுக்க இழுக்க கீழ 3டி-ல வீடு எழும்புது, அம்மா பாத்துட்டே இருக்கும்போதே ஃபிரிட்ஜை இடம் மாத்தி காட்டலாம். பிளானை பாத்து தலையாட்டுறவங்கள்ல பாதி பேருக்கு பிளான் புரியலன்னுதான் அர்த்தம், வீட்டுக்குள்ள நடந்து போற மாதிரி காட்டினாதான் "ஐயோ, வாசல்ல நின்னா பாத்ரூம் கதவு தெரியுதே"ன்னு சொல்லுவாங்க. அதை பேப்பர்ல இருக்கும்போதே கேட்டுக்குறது நல்லது, சுவரு எழும்பினதுக்கு அப்புறம் கேட்டா இடிக்கிற கூலி யாரு கொடுப்பா.

அதுல திசைகாட்டி ஒண்ணு இருக்கு, ரொம்ப பேர் கவனிக்கிறதில்ல. வடக்கை திருப்பி, ஊரோட அட்சரேகை தீர்க்கரேகை கொடுத்து, படம் எடுக்கும்போது தேதியும் நேரமும் வெச்சா அந்த நேரத்து வெயில் எங்க விழும்னு காட்டும். மேற்கு பாத்த மனைல மாஸ்டர் பெட்ரூமை கன்னி மூலைலதான் வைக்கணும்னு ஒரு அய்யா ஒத்தைக்கால்ல நின்னாரு. சரிங்கய்யா, வெச்சிடலாம்னு சொல்லிட்டு, மே மாசம் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ரூம் எப்படி இருக்கும்னு படம் எடுத்து காட்டினேன், கட்டில் முழுக்க வெயில். வாஸ்துவை மாத்தல, ரூமும் அங்கயேதான் இருக்கு, மேற்கு ஜன்னலை சின்னதாக்கி சன்ஷேடை ரெண்டரை அடி ஆக்கி தெற்கு பக்கம் பெரிய ஜன்னல் வெச்சுக்கலாம்னு அவரே சொன்னாரு. நான் வாயால சொல்லியிருந்தா ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டாரு. குறைன்னா, அதுல வர்ற கட்டில் சோபா எல்லாம் வெளிநாட்டு வீட்டுக்கு உள்ளது, பூஜை மாடம், துணி துவைக்கிற கல்லு, ஊஞ்சல் இதெல்லாம் நாமதான் மாடல் தேடி ஏத்திக்கணும்.

3டி படம் பண்ற பிளெண்டரும் எங்ககிட்ட இருக்கு, தம்பி ஆசைக்கு எலிவேஷன் ரெண்டர் பண்ணுவான், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம அதுல உக்காந்தா ராத்திரி ஆயிடும். பிளெண்டர் மேலயே ஓடுற போன்சாய்னு ஒரு ஆட்-ஆன் இருக்கு, முன்ன பிளெண்டர்பிம்னு பேரு, ஐஎஃப்சி ஃபைலை (பல சாஃப்ட்வேருக்கும் பொதுவான கட்டட மாடல் ஃபைல்) நேரடியா எழுதும். பெரிய கட்டடம், பல கம்பெனிங்க ஒரே மாடல்ல வேலை செய்ற இடத்துக்கு அது பெரிய விஷயம். மூணு சென்ட் வீட்டுக்கு நான் அதை தொடல, தேவையும் வரல.

ஃப்ரீன்னு போட்டிருந்தாலே எடுத்துடாதீங்க. டிராஃப்ட்சைட்னு ஒரு கேட் சாஃப்ட்வேர் பல வருஷம் இலவசமா இருந்துச்சு, எவ்ளோ பேரு பழகி வெச்சிருந்தாங்க, 2019 கடைசியோட அந்த இலவச பதிப்பை நிறுத்திட்டாங்க. 3டி வரையுற ஸ்கெட்ச்அப்ல கம்ப்யூட்டர்ல போட்டுக்குற இலவச மேக் பதிப்பு 2017-தான் கடைசி. அவங்க பொருள், அவங்க இஷ்டம், தப்பு சொல்ல முடியாது. ஆனா ஜிபிஎல், எல்ஜிபிஎல்னு லைசென்ஸ் போட்டு வந்ததை அப்படி திரும்ப பிடுங்க முடியாது, எழுதினவரு விட்டாலும் இன்னொருத்தர் எடுத்து நடத்தலாம், லிப்ரேகேடே அப்படி வந்ததுதான். இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி அபௌட் பக்கத்துல லைசென்ஸ் என்னன்னு ஒரு தடவை பாருங்க.

யாரு மாற வேண்டாம்னும் சொல்லிடறேன். வேற ஆபீஸுக்கு ஜாப் ஒர்க் எடுத்து அவங்க டெம்ப்ளேட்லயே டிடபிள்யூஜி திருப்பி கொடுக்கணும்னா மாறாதீங்க, தினமும் கன்வர்ட் பண்ணி பண்ணியே நேரம் போயிடும். ரெவிட்ல (ஆட்டோகேட் கம்பெனியோட கட்டட 3டி சாஃப்ட்வேர்) ஓடுற பெரிய ப்ராஜெக்ட்ல இருக்குறவங்களும் அப்படித்தான். வேலை தேடிட்டு இருக்குற பசங்க ஆட்டோகேடை விட்டுடாதீங்க, இன்டர்வியூல அதைத்தான் கேக்குறாங்க, மாணவர்களுக்கு அந்த கம்பெனியே இலவசமா கல்வி லைசென்ஸ் கொடுக்குது, படிக்கிற காலத்துல அதை ஒழுங்கா வாங்கி பழகிக்கங்க, காசு வாங்கி செய்ற வேலைக்கு மட்டும் அதை தொடக் கூடாது.

மாறுறவங்க விண்டோஸை உடனே தூக்கி போட வேண்டாம், மேல சொன்ன எல்லாமே விண்டோஸ்ல ஓடும், லினக்ஸ் போறதை அப்புறம் பாத்துக்கலாம், ரெண்டையும் ஒண்ணா மாத்தினா எது தொல்லை கொடுக்குதுன்னே தெரியாது. பழைய டிடபிள்யூஜி எல்லாத்தையும் ஆட்டோகேட் கைல இருக்கும்போதே டிஎக்ஸ்எஃப்-ஆவும் பிடிஎஃப்-ஆவும் எடுத்து தனி ஹார்ட் டிஸ்க்ல போட்டுடுங்க. டவுன்லோட் பண்ணும்போது தேடல்ல மேல வர்ற விளம்பர லிங்க்கை தொடாம, freecad.org, librecad.org, sweethome3d.com-னு நேரா அடிச்சு போங்க. சந்தேகம் இருந்தா கேளுங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, பகல்ல சைட்ல இருப்பேன், மிக்சர் மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது.